வேலிக்குள் ஓர் ஆறு: தாமான் கழிவுநீர் நிலையம் எப்படி வேலை செய்கிறது?

மலேசியாவில், தோட்டத்து லயங்களை விட்டு மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகளுக்குக் குடிவந்த பட்டணங்களில் பெரும்பாலும் இந்தக் காட்சியைக் காணலாம். வரிசை வீடுகள் முடிந்து செம்பனைக் காடு தொடங்கும் எல்லையில் கம்பிவேலி போட்ட சிறிய மனை ஒன்று இருக்கும். வாசலில் ‘லோஜி ரவாத்தான் கும்பாஹான்’ (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) என்று மலாயில் எழுதிய பலகை தொங்கும். உள்ளே ஏதோ ஓர் எந்திரம் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வேலியைக் கடப்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், “ஏதோ மருந்து போட்டுச் சுத்தம் செய்கிறார்கள்” என்பதே பலரும் சொல்லும் பதில். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் அங்கே முக்கியமாக நடப்பது வளர்ப்பு. ஆடுமாடு வளர்ப்பவர் தீனியும் தண்ணீரும் காட்டுவதுபோல், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களுக்குத் தீனியும் காற்றும் காட்டி வளர்க்கிறார்கள். அவை நம் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றன.

முதலில் அளவைப் பார்ப்போம். மலேசியாவில் கழிவுநீர்க் கட்டமைப்பை வடிவமைக்கும்போது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்றும், ஒரு வீட்டுக்கு 5 பேர் என்றும் கணக்கு வைப்பது வழக்கம். 600 வீடுகள் கொண்ட ஒரு தாமானை எடுத்துக்கொண்டால் 3,000 பேர். நாளொன்றுக்கு 6,75,000 லிட்டர். இவ்வளவும் கழிப்பறையிலிருந்து மட்டும் வருவதல்ல. குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், சட்டி கழுவிய தண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். இதில் ஏறக்குறைய 99.9 விழுக்காடு வெறும் தண்ணீரே. நிலையத்தின் பாடெல்லாம் மிச்சமுள்ள அந்தப் பத்தில் ஒரு விழுக்காட்டோடுதான்.

அவ்வளவு சிறிய பங்கு என்ன கெடுதல் செய்துவிடும் என்று தோன்றலாம். மீன் உள்ள ஒரு சிறு குட்டையில் பானை பானையாகப் பழைய கஞ்சியைக் கொட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கஞ்சியில் விஷம் எதுவும் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு செத்து மிதக்கும். கஞ்சியைத் தின்ன நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. பெருகியவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. நம் நாட்டின் வெப்பத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர் தன்னுள் வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்ஸிஜனே ஏழு, எட்டு மில்லிகிராம்தான். குளிர்நாட்டு ஆறுகளுக்கு இருக்கும் சேமிப்பு நம் ஆறுகளுக்கு இல்லை.

ஆகவே கழிவுநீரின் கெடுதலை அளக்க ஒரு நல்ல வழி, அதைத் தின்று முடிக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. இதற்கு உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் பி.ஓ.டி. என்பார்கள். மாதிரி நீரை ஒரு குப்பியில் அடைத்து, 20 பாகை வெப்பத்தில் 5 நாள் இருட்டில் வைத்து, ஆக்ஸிஜன் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுகிறார்கள். வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம் என்று வடிவமைப்பில் கொள்ளப்படுகிறது. கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் ஏழெட்டு மில்லிகிராம்; கேட்கப்படுவதோ 250. சுத்திகரிக்காத கழிவு விழும் ஓடை ஏன் கறுத்து நாறுகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அல்ல. செம்பனை ஆலைகளின் பின்புறம் அடுத்தடுத்து வெட்டப்பட்டிருக்கும் பழுப்புநிறக் குளங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆலையிலிருந்து சூடாக வெளியேறும் கழிவின் பி.ஓ.டி. லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில், அதாவது வீட்டுக் கழிவைப்போல் சுமார் நூறு மடங்கு இருக்கும். 1977ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்தக் கழிவுக்கு வரம்பு விதித்து, அதைப் படிப்படியாக 100 மில்லிகிராம் வரை இறக்கின. அதற்காகவே கழிவைக் குளம் குளமாக வாரக்கணக்கில் தேக்கி வைத்து, நுண்ணுயிரிகளைத் தின்னவிட்டு, பிறகு வெளியே விடுகிறார்கள். தாமானில் நடப்பதும் அதே வேலைதான். ஆனால் ஆலைக்கு இருக்கும் நிலம் தாமானுக்கு இல்லை. வாரக்கணக்கில் நடப்பதை ஒரு நாளுக்குள் நடத்தியாக வேண்டும்.

கழிவு எப்படி நிலையத்துக்கு வருகிறது என்பதில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. வீட்டு முன்னால் திறந்து கிடக்கும் அல்லூறு வேறு, மண்ணுக்கடியில் போகும் கழிவுநீர்க் குழாய் வேறு. அல்லூறு மழைத்தண்ணீருக்கு, அது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஆற்றுக்குப் போகிறது. கழிவுநீர்க் குழாய் மூடியபடியே, மெல்லிய சரிவில், நிலையத்தை நோக்கிப் போகிறது. சாலையில் காணும் வட்டமான இரும்பு மூடிகள் அதன் மேன்ஹோல்கள். செப்டிக் தொட்டி உள்ள பழைய வரிசை வீடுகளில் நிலைமை வேறு. அங்கே கழிப்பறைக் கழிவு மட்டும் தொட்டிக்குப் போகும். குளியலறை, சமையலறைத் தண்ணீர் பெரும்பாலும் அல்லூற்றிலேயே விழும். தொட்டியில் கனமானது அடியில் தங்குகிறதே தவிர, மேலே வழியும் தண்ணீர் முழுமையாகச் சுத்தமாவதில்லை. அடியில் தங்கிய கசடை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது லோரி வைத்து உறிஞ்சாவிட்டால், பிறகு எதுவுமே தங்காமல் அப்படியே வெளியேறத் தொடங்கும்.

நிலையத்தின் வாசலில் கம்பிச் சல்லடை இருக்கிறது. ஈரத்தாள், குழந்தை அணையாடை, நெகிழிப் பை, பல் துலக்கி, சில சமயம் குழந்தைகளின் சட்டை என்று எல்லாம் அங்கே மாட்டுகின்றன. அடுத்து ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து மணலை அடியில் படியவிடும் கால்வாய். அதோடு எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதந்து ஒதுங்கும் ஓர் அறை. இவை எளிய வேலைகள், ஆனால் பின்னால் உள்ள பம்புகளின் ஆயுள் இவற்றைப் பொறுத்தது.

இந்த இடத்தில் தீபாவளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீடுகளில் தண்ணீர் புழங்குவது நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. 3,000 பேர் அளவிலான நிலையத்துக்கு உச்ச நேரத்தில் சராசரியைப்போல் சுமார் நான்கு மடங்கு நீர் வரும் என்று எதிர்பார்த்தே குழாய்களையும் பம்புகளையும் அமைக்கிறார்கள். தமிழர் அடர்ந்து வாழும் ஒரு தாமானில் தீபாவளி விடியற்காலை நான்கு மணிக்கு என்ன நடக்கும்? வீட்டுக்கு வீடு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய்க் குளியல். முதல்நாள் முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய்ச் சட்டிகள் சுடுதண்ணீரில் கழுவப்பட்டு அதே குழாயில் இறங்கியிருக்கும். சூடாக இறங்கும் எண்ணெய் மண்ணுக்கடியில் குளிர்ந்து குழாய்ச் சுவரில் மெழுகுபோல் ஒட்டுகிறது. அதன்மேல் ஈரத்தாள் வந்து சிக்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு மேன்ஹோல் பண்டிகை வாரத்தில் பொங்கி வழிந்தது. வேலையாட்கள் நீண்ட கம்பியால் உள்ளிருந்து இழுத்துப் போட்ட கட்டிகளை அருகில் நின்று பார்த்தேன். சாம்பல் கலந்த வெள்ளை; தேங்காய் அளவு; கம்பியால் குத்தினால் சோப்புக் கட்டிபோல் சீவிக்கொண்டு வந்தது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஆறவைத்து ஒரு போத்தலில் ஊற்றி வைத்தால், அதை வாங்கிக்கொள்ளும் ஆட்கள் உண்டு. இல்லையென்றால் குப்பையில் போடலாம். கழுவுதொட்டியில் மட்டும் ஊற்ற வேண்டாம்.

இனி நிலையத்தின் இதயத்துக்கு வருவோம். சல்லடையும் மணல் கால்வாயும் தாண்டிய நீர் காற்றூட்டும் தொட்டிக்குள் விழுகிறது. நாம் தெருவிலிருந்து கேட்கும் இரைச்சல் இந்தத் தொட்டிக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் புளோவருடையது. அடியில் பதித்த துளைத்தட்டுகள் வழியாகக் காற்று பொடிப்பொடிக் குமிழாக ஏறுகிறது. சில நிலையங்களில் அதற்குப் பதிலாக மேல்நீரை அடித்துக் கலக்கும் சக்கரம் இருக்கும். தொட்டி நீர் தேத்தாரே என்ற பால் தேநீரின் நிறத்தில், ஆனால் அதைவிடக் கறுத்து, ஓயாமல் கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருக்கும். அந்தப் பழுப்பு நிறத்தை அழுக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அது உயிர்த்தொகுதி, லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் அளவில் நுண்ணுயிரிகளும் அவை ஒட்டியிருக்கும் துகள்களும் சேர்ந்த பஞ்சு போன்ற திரள்கள். நல்ல நிலையில் இருக்கும் தொட்டியின் அருகே நின்றால் மலவாடை வராது. புதுமழைக்குப் பின் தோட்டத்து மண்ணில் எழும் வாசனைதான் வரும். இதை நம்பாதவர்கள் ஒருமுறை அனுமதி வாங்கி உள்ளே சென்று பார்க்கலாம்.

இந்தத் திரளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற கண்டுபிடிப்பே எல்லாவற்றுக்கும் அடிப்படை. 1914ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர், கழிவுநீருக்குள் காற்றை ஊதி, தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுக் கழிவை ஊற்றிப் பார்த்தார்கள். முதல்முறை வாரக்கணக்கில் எடுத்த வேலை, கசடு சேரச் சேரச் சில மணி நேரத்தில் முடியத் தொடங்கியது. நேற்றைய மோரை உறைமோராக வைத்துக்கொண்டு இன்றைய பாலில் விடும் கை நம் வீடுகளில் இருக்கிறது, அந்தத் தத்துவம்தான். முதல்நாள் பழகிய உயிர்கள் மறுநாள் வேலையைத் தயங்காமல் தொடங்குகின்றன.

சிறிய தாமான்களுக்கு நீண்ட நேரம் காற்றூட்டும் முறையே பரவலாகப் பயன்படுகிறது. கழிவுநீர் தொட்டிக்குள் 18 முதல் 24 மணி நேரம் வரை தங்குகிறது. நுண்ணுயிரிகளோ திரும்பத் திரும்ப உள்ளே வருவதால் 20 நாளுக்கும் மேலாக அங்கேயே வாழ்கின்றன. தண்ணீர் வழிப்போக்கர், கசடு குடித்தனக்காரர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். தீனி குறைவாகவும் வாய் அதிகமாகவும் இருக்கும் இந்த நிலையில் அவை பசியோடு இருக்கின்றன; கரைந்த கழிவு தீர்ந்ததும் தங்கள் உடலில் சேர்த்ததையும் செத்த உயிர்களையும் தின்று தீர்க்கின்றன. அதனால் வெளியேற்ற வேண்டிய கசடும் குறைகிறது.

நீண்ட வாழ்வுக்கு இன்னொரு பயனும் உண்டு. சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா மீன்களுக்கு நஞ்சு; ஆற்று நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கும் பெரிய தொல்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் மிக மெதுவாகப் பெருகுபவை. கசடை அடிக்கடி வெளியே எடுத்துவிட்டால் அவை நிலைகொள்வதற்கு முன்பே அடித்துச் செல்லப்படும். அவற்றுக்கு ஆக்ஸிஜனும் மிகுதியாக வேண்டும். அம்மோனியாவில் உள்ள ஒரு கிலோ நைட்ரஜனை மாற்றச் சுமார் 4.6 கிலோ ஆக்ஸிஜன் செலவாகிறது. நிலையத்தின் மின்கட்டணத்தில் பாதியோ அதற்கு மேலோ காற்றூட்டுவதற்கே போவதற்கு இதுவும் ஒரு காரணம். செலவை மிச்சப்படுத்த இரவில் புளோவரை நிறுத்திவைத்தால் முதலில் பாதிக்கப்படுவது இந்த மெதுவான கூட்டம். அது அழிந்துவிட்டால் மீண்டும் தழைக்க வாரங்கள் ஆகும். அப்படிப்பட்ட சிக்கனத்தை நான் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காற்றூட்டும் தொட்டியிலிருந்து வழியும் பழுப்பு நீர் தெளிவுத் தொட்டிக்குள் போகிறது. இங்கே காற்று இல்லை, கலக்கல் இல்லை. திரள்கள் தம் கனத்தால் கீழே இறங்க, மேல்நீர் பல் பல்லாக வெட்டிய விளிம்பைத் தாண்டி வெளியே வழிகிறது. அடியில் சேர்ந்த கசடில் பெரும்பகுதியைப் பம்பு மறுபடி காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புகிறது. உறைமோர் திரும்பப் போகிறது.

திரள் சரியாகப் படிகிறதா என்பதைப் பொறுத்தே நிலையம் நல்ல தண்ணீர் தருவதும் தராததும் அமைகிறது. அதை அறிய ஒரு சோதனை உண்டு. ஒருமுறை நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் ஓர் இளைஞர் அதைச் செய்து காட்டினார். கோடு போட்ட ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை நிரப்பி, நிழலில் சமதரையில் வைத்தார். “அசைக்காம அரை மணி நேரம் பொறுங்கண்ணே, தானா பிரியும்” என்றார். முதல் இரண்டு நிமிடம் ஒரே பழுப்பு. பிறகு திரள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, வெட்டிய பஞ்சுபோல் தெரிந்தன; மேல்விளிம்பில் விரற்கடை அளவுக்கு ஒரு தெளிந்த பட்டை தோன்றிக் கீழே வளர்ந்தது. அரை மணி நேரத்தில் கசடு 320 மில்லிலிட்டர் கோட்டில் நின்றது; அதற்கு மேலே இருந்த தண்ணீர் வழியாக எதிர்ச்சுவரில் இருந்த எச்சரிக்கைப் பலகையின் எழுத்தைப் படிக்க முடிந்தது. 300, 400க்குள் இருந்தால் நிம்மதி என்றார். 800, 900க்கு மேல் நின்றால் நூல்போல் நீளும் நுண்ணுயிரிகள் பெருகித் திரளைப் படியவிடாமல் தடுக்கின்றன என்று பொருள் கொள்ளலாம். அல்லது கசடு அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கலாம். படிந்த கசடு சிறிது நேரத்தில் குமிழோடு கட்டி கட்டியாக மேலே வந்தால், அடியில் காற்றில்லாமல் நைட்ரேட் உடைந்து நைட்ரஜன் வாயு கிளம்புகிறது. கசடைத் திருப்பி அனுப்பும் பம்பை விரைவுபடுத்த வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், ஒரு கண்ணாடிக் குழாயும் பொறுமையும் இவ்வளவைச் சொல்லிவிடுகின்றன.

தெளிவுத் தொட்டிக்கு மிகப் பெரிய எதிரி மழை. நம் ஊரில் மாலை நான்கு மணிக்கு வானம் பிளந்து கொட்டுவது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீர் அல்லூற்றுக்குப் போக வேண்டும். ஆனால் வீட்டைப் பெரிதாக்கும்போது கூரைக் குழாயைப் பின்கட்டில் உள்ள கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. ஐம்பது வீடுகள் இப்படிச் செய்தால், ஒரு மழையில் வரும் வெள்ளம் தெளிவுத் தொட்டியில் படிந்திருந்த கசடைக் கிளறி, பல மாதம் வளர்த்த உயிர்த்தொகுதியை ஓடைக்குள் தள்ளிவிடும். தெரிந்து செய்பவர் மிகக் குறைவு. கொத்தனார் அருகில் எந்தக் குழாய் இருக்கிறதோ அதில் சேர்த்துவிடுகிறார். வீட்டு வேலை நடக்கும்போது இதைக் கேட்டுப் பார்த்துச் செய்வது நல்லது. குளோரின் கலந்த வெளுப்பானையோ, பெயின்ட் தின்னரையோ, பூச்சி மருந்தையோ மொத்தமாகக் கொட்டுவதும் இதே அளவுக்குக் கெடுதல். அவை உயிர்த்தொகுதியையே கொல்லும்.

உயிர்கள் பெருகிக்கொண்டே இருப்பதால் மிஞ்சும் கசடை அவ்வப்போது எடுத்தாக வேண்டும். அதைக் கெட்டிப்படுத்தி, மணல் படுகையில் பரப்பிக் காய வைக்கிறார்கள், அல்லது எந்திரத்தில் பிழிகிறார்கள், அல்லது லோரியில் பெரிய நிலையத்துக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். நன்றாகக் காய்ந்த கசடு வெடித்த வயல்மண்போல் இருக்கும்.

எல்லா ஊரிலும் இந்த எந்திர முறை இல்லை. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள ஆக்ஸிஜனேற்றக் குளங்கள் இன்னும் பல இடங்களில் உள்ளன. அங்கே புளோவருக்குப் பதில் பாசி. வெயிலில் அது விடும் ஆக்ஸிஜனைக் கொண்டு நுண்ணுயிரிகள் வேலை செய்கின்றன. மின்சாரம் வேண்டாம், ஆனால் பரந்த நிலம் வேண்டும். பட்டணத்து நிலவிலை ஏற ஏற அந்தக் குளங்கள் பல மூடப்பட்டு, அவற்றின் இடத்தில் சிறிய எந்திர நிலையங்கள் வந்துவிட்டன. 1994 முதல் தீபகற்பத்தின் பெரும்பாலான இடங்களில் பொது நிலையங்களை இண்டா வாட்டர் நிறுவனம் இயக்குகிறது. அதற்கு முன் அது ஊராட்சி மன்றங்களின் பொறுப்பாக இருந்தது. பொதுவில் ஒப்படைக்கப்படாத தனியார் நிலையங்களும் உண்டு. உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ளது எந்த வகை என்று தெரிந்துவைத்திருந்தால், புளோவர் சத்தம் நின்றுபோன நாளில் யாரை அழைப்பது என்று தடுமாற வேண்டியிருக்காது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: மேன்ஹோல் அடைத்துக்கொண்டால் நீங்களே மூடியைத் திறந்து இறங்காதீர்கள், யாரையும் இறக்கவும் செய்யாதீர்கள். உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். செறிவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போய் வாடை தெரியாமல் போகும். வாடை இல்லை என்று இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த துயரங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

கடைசியாக, வெளியேறும் தண்ணீர். சுற்றுச்சூழல் தர (கழிவுநீர்) விதிமுறைகள் 2009இன்படி, புதிய நிலையங்கள் குடிநீருக்கு நீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பக்கம் இருந்தால் ‘ஏ’ தரம்: பி.ஓ.டி. 20, மிதக்கும் துகள் 50, ஆற்றில் விடும்போது அம்மோனியா நைட்ரஜன் 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மற்ற இடங்களில் ‘பி’ தரம். அங்கே இவை முறையே 50, 100, 20. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவைப் போன்ற தோட்டப் பட்டணத்தில் இது வெறும் எண் அல்ல. அதன் பக்கமாக ஓடும் சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது.

250இலிருந்து 20க்கு இறங்கிய நீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும், ஓடையின் ஆக்ஸிஜனையும் அதிகம் பறிக்காது. ஆனால் நோய்க்கிருமிகள் அதில் இன்னும் உண்டு. வெளியேறும் குழாயருகே சிறுவர்கள் குளிப்பதும், அங்கே தூண்டில் போட்ட மீனைச் சமைப்பதும் கூடாது. எஞ்சிய கிருமிகளில் ஒரு பகுதியை வெயிலும் ஓட்டமும் குறைக்கும். மீதியை, கீழே ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் குடிநீர் ஆலை படிகாரத்தால் திரளவைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்த்து அகற்றிய பிறகே அந்தத் தண்ணீர் குழாயில் ஏறுகிறது.